எல்லாம் அக்காது

என் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்துக்கிட்டே நான் ஒரு சபதம் போட்டேன். போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். பாக்க வந்தவங்க ஒருத்தரை விடாம சொன்னேன். "எம் பிள்ளைக்கு டயப்பர் கிடையாது, பிளாஸ்டிக் பொம்மை கிடையாது, புதுத்துணியும் கிடையாது. மாசத்துக்கு ஒரு சைஸ் வளரப் போறா, அதுக்குப் போயி கடையைத் தூக்கிட்டு வரணுமா? நம்ம குடும்பத்துலயே ஒரு பொண்ணு போட்டு சின்னதாப்போன துணி இருக்கு. அதுவே போதும்." பெத்த மயக்கத்துல ஒளர்றான்னு நெனைச்சி எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தை வச்சிட்டு தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தி மட்டும் நான் சொன்னதை அட்சரம் பிசகாம மனசுல வாங்கிக்கிட்டா. அவதான் என் ஓரகத்தி.

ஓரகத்தின்னா என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. சிதம்பரம் அண்ணாமலை நகர்ல இருக்காங்க, மாமாவுக்கு, அதான் அந்த அண்ணனுக்கு, யுனிவர்சிட்டி ஆபீஸ்ல வேலை. நாங்க கடலூர்ல, மஞ்சக்குப்பத்துல மாடி வீட்ல வாடகைக்கு. அவளுக்கு ஒரே பொண்ணு, என் பொண்ணை விட ரெண்டு வயசு பெரியவ. அந்தப் பொண்ணுக்கு அவ துணி வாங்குற வேகம் இருக்கே, அப்பப்பா! டெலிவரி பையனுக்கு அந்தத் தெருவுல வேற யாரு வீடும் தெரியாதுன்னு மாமாவே கிண்டல் பண்ணுவாரு. போன்ல விரலை ஒரு தள்ளு தள்ளினா ஒரு கவுன். ஆஃபர் போட்டா ரெண்டு கவுன். அதுல பாதி ஒருதடவை போட்டதோட சரி, அந்தப் பொண்ணு வளந்துடும். வளந்ததும் எல்லாம் ஒரு கட்டைப்பைல ஏறி, சிதம்பரத்துலேர்ந்து கடலூர் வர்ற எந்தச் சொந்தக்காரர் கையிலயாவது எங்க வீட்டுக்கு வந்து எறங்கிடும்.

நல்லதுதானே? நான் கேட்டதுதானே? ஆமா. அதனாலதான் வெளியில சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. பையைத் தொறந்து ஒவ்வொரு கவுனா எடுப்பேன். கசங்கக்கூட இல்லாத ஃப்ரில்லு, மணி தைச்ச காலரு, முதுகுல பெரிய போ. ஒரு பக்கம், அடடா இவ்ளோ நல்ல துணி குப்பைக்குப் போவாம நம்ம கைக்கு வந்துச்சேன்னு இருக்கும். இன்னொரு பக்கம் அடிவயித்துல அடுப்பு பத்த வச்ச மாதிரி இருக்கும். வாங்கிப் போட்டு அழகு பாக்குற சந்தோஷமெல்லாம் அவளுக்கு, அதை ஊறவச்சிக் கசக்குற புண்ணியம் மட்டும் எனக்கு. யோசிச்சுப் பாத்தா இன்னும் கொடுமை. அவ கண்டபடி வாங்குறதாலதான் நான் ஒண்ணுமே வாங்காம பெருமை பேச முடியுது. என் கொள்கைக்கே சோறு போடுறவ அவதான்.

சரி, போட்டுவிடுவோம்னு போட்டுவிட்டா, எவளாச்சும் ஒருத்தி உடனே கண்டுபிடிச்சிடுவா. "ஏ, இது பெரியவ பொங்கலுக்குப் போட்டதுல்ல? அவளுக்கு என்னா எடுப்பா இருந்துச்சு தெரியுமா!" என் மாமியார் இன்னும் ஒரு படி மேல. தூரத்துலேர்ந்து என் பொண்ணைப் பாத்துட்டு பெரியவ பேரைச் சொல்லியே கூப்பிடுவாங்க. கிட்ட வந்ததும், "அட நீயா! கவுனைப் பாத்து ஏமாந்துட்டேன்டி" ன்னு சிரிப்பாங்க. எனக்கா சிரிப்பு வரும்? பத்து மாசம் சொமந்து பெத்தவளைப் பாத்து, கவுன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா?

இதுக்கு நடுவுல என் பொழப்பையும் சொல்லணும். என் வீட்டுக்காரரோட பழைய வேட்டியெல்லாம் கிழிச்சி இடுப்புத் துணியாக்கினேன். கடலூர் ஐப்பசி மழை எப்படின்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். அந்த மழையில கூடம், ரூமு, அடுப்படின்னு எங்க பாத்தாலும் கொடி. ஃபேனைப் போட்டு, அயர்ன் பாக்ஸை வச்சித் தேய்ச்சி, அதுவும் கரண்டு இருந்தாத்தான். எங்க போர் தண்ணியில வேற செம்மண் கலர். எவ்ளோ கசக்கினாலும் துணி டீ வடிகட்டின மாதிரிதான் இருக்கும். மாவுக்கடைக்கு தூக்கு, மீன்காரம்மாவுக்கு டப்பா. மீன்காரம்மா, "என்னாம்மா, நான் கொடுக்குற கவர்ல உம் மீனு அடங்காதா?"ம்பாங்க. மாடியில மண்பானையில காய்கறித் தோலைப் போட்டு உரம் பண்ணேன். கீழ்வீட்டு ஓனரம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஏறி வந்து, "உரம் பண்றியா, பொணம் பொதைக்கிறியா?"ன்னாங்க. இவ்ளோ பாடு பட்டும் என்னை ஒருத்தர் நல்லவன்னு சொன்னதில்ல. பைத்தியம்னு சொன்னவங்க உண்டு.

ஆனா ஓரகத்தியைப் பத்தி? "எவ்ளோ தாராள மனசு பாரு, தம் பொண்ணு துணியை அப்படியே கொழுந்தன் பிள்ளைக்குக் கொடுத்துடுறா. ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க!" இதை என் முன்னாடியே மாமியார் சொல்லுவாங்க. எம் பொண்ணு ஊரான் பிள்ளையாம்.

இதெல்லாம் பெரியவங்க பேச்சு, காதுல போட்டுக்காம விட்டுடலாம். விட்டும் இருப்பேன். எம் பொண்ணு பேச ஆரம்பிச்சாளே, அங்கதான் என் நெஞ்சுல இடி விழுந்துச்சு.

ஒன்றரை வயசு இருக்கும். பச்சைக் கவுனைப் போட்டுவிட்டு, கண்ணாடி முன்னாடி நிறுத்தி, "இது யாருது?"ன்னு கேட்டேன். "அக்காது"ன்னா. எனக்கு சுருக்குன்னுச்சு. ஆனாலும் உண்மைதானே, இந்தக் கவுன் வந்த வழி அதுதானேன்னு விட்டுட்டேன். அடுத்த நாள் செருப்பைக் காட்டினா. "அக்காது." மூணு சக்கர சைக்கிள். "அக்காது." அதுவும் அங்கேர்ந்து வந்ததுதான். ஆனா சோறு ஊட்டுற கிண்ணம் எங்கம்மா வீட்லேர்ந்து வந்தது. அதைக் காட்டி, "அக்காது"ன்னா. ஜன்னல்ல வந்து ஒக்காந்த காக்கா அக்காது. மொட்டைமாடியில நிலாவைக் காட்டினேன், அதையும் தூக்கி அக்காகிட்ட கொடுத்துட்டா. மூக்கைத் தொட்டு, "இந்த மூக்கு யாருது?"ன்னு கேட்டேன். நல்லா யோசிச்சிட்டு, "அக்காது"ன்னா.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "விடேன், சின்னப் புள்ள. கர்ணன் பரம்பரைன்னு நெனைச்சிக்கோ"ன்னாரு. அவருக்கு என்ன, அண்ணன் பொண்ணுதானே. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களைப் பாக்குறேன், பால்குடி மறக்காததெல்லாம் பொம்மையைக் கட்டிக்கிட்டு "என்து, என்து"ன்னு அடிச்சிக்குதுங்க. அந்த அம்மாக்கள் எல்லாம், "ஐயோ, இவ ரொம்பப் பிடிவாதங்க"ன்னு சலிச்சிக்குவாங்க. அந்தச் சலிப்பைக் கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியும். எம் பொண்ணுக்கு மட்டும் இந்த ஒலகத்துல சொந்தமா ஒரு பொருள்கூட இல்லையா? ஒரே ஒரு தடவை, எதையாவது ஒண்ணைப் பிடிச்சிக்கிட்டு, "என்னுது"ன்னு அவ சொல்லிட மாட்டாளான்னு இருந்துச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

அதுக்காக நான் பண்ணாத கூத்து இல்ல. பாத்திரக்கடைக்குப் போயி ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் வாங்கி, அவ பேரை வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் எழுத்தை வெட்ட வெட்ட, பக்கத்துல நின்னு, "இது உன் பேரு, இது உன் டம்ளர்"ன்னு மந்திரம் மாதிரி ஓதினேன். வீட்டுக்கு வந்து அதுல பால் குடிச்சா. வாயைத் தொடச்சிக்கிட்டு, பாதிப் பாலை அப்படியே நீட்டி, "அக்காக்கு"ன்னா. அந்தப் பாலை நானே குடிச்சேன், கோவத்துல.

இந்த நேரத்துலதான் காதுகுத்து வந்துச்சு. பெரியவளுக்கு நாலு வயசு ஆகியும் காது குத்தல. சிங்கப்பூர்ல இருக்கிற அவ தாய்மாமனுக்கு லீவு கிடைக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. லீவு கிடைச்சதும் அண்ணாமலை நகர்லேர்ந்து மாமா போன் பண்ணாரு. "ரெண்டு பொண்ணுக்கும் ஒண்ணா மொட்டை போட்டு காது குத்திடலாமே, ஒரே வேலையா முடியும்." குலதெய்வக் கோயில் கிள்ளை பக்கம். என் வீட்டுக்காரர் என்னைக் கேக்காமலே சரின்னுட்டாரு. எனக்கு ஒரு பக்கம் கோவம், எம் பொண்ணுக்குன்னு ஒரு நாள், அதையும் பங்கு போடணுமான்னு. இன்னொரு பக்கம் ஒரு நப்பாசை. காதுகுத்துன்னா தாய்மாமன் புதுத்துணி எடுக்கணும், அது முறை. முறையை மீற என் சபதத்துக்கு அதிகாரம் இல்ல. எம் பொண்ணு பொறந்ததுலேர்ந்து முதல் தடவையா, யாரும் போடாத ஒரு துணியைப் போடப் போறா. அதுவாவது அவளுது ஆகாதா?

என் தம்பியை ஒருவழி ஆக்கிட்டேன். "நைலான் கூடாது, ஜிகினா கூடாது, கைத்தறிதான் வேணும்"னு அவனைக் கடை கடையா அலைய விட்டேன். அவன் பாவம், "ஏன்க்கா, காதுகுத்து உனக்கா, பாப்பாவுக்கா?"ன்னு கேட்டுட்டு, மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் போட்ட பாவாடை சட்டை வாங்கிட்டு வந்தான். பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவ்ளோ அழகு.

விசேஷத்தையும் என் இஷ்டப்படி பண்ணலாம்னு ஓரகத்தியே சொல்லிட்டா. "நீதான் இதெல்லாம் படிச்சவ, நீ சொல்லு, அப்படியே செஞ்சிடலாம்"னா. அப்புறம் என்ன, நான் எறங்கி வேலை பாத்தேன். ரெண்டு பொண்ணு போட்டோவையும் போட்டு ரோட்டோரம் ஃபிளெக்ஸ் வைக்கணும்னு மாமா ஒத்தைக் கால்ல நின்னாரு. சண்டை போட்டு நிறுத்தினேன். குருத்தோலைத் தோரணம், வாழை இலை, டிபனுக்குப் பாக்குமட்டைத் தட்டு, தண்ணிக்குக் குடமும் எவர்சில்வர் டம்ளரும். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. அந்த மஞ்சப்பை அத்தனையும் நானே மெஷின்ல தைச்சது. எம் பொண்ணு தூங்குற நேரமாப் பாத்து தைப்பேன், முதுகு விட்டுப்போச்சு.

அன்னைக்குக் காலையில கோயில்ல கூட்டம் சேர ஆரம்பிச்சதும் நான் வாசல்லயே நின்னேன். யாராவது கேப்பாங்கன்னுதான், மறைச்சி என்ன பண்றது. வந்த ஒரு பெரியப்பா தோரணத்தைப் பாத்தாரு, குடத்தைப் பாத்தாரு, என்னைத் தாண்டிப் போயி ஓரகத்தி கிட்ட, "கண்ணுக்கு எவ்ளோ குளிர்ச்சியா இருக்கும்மா! ஒரு பிளாஸ்டிக் கிடையாது. பெரிய மருமவன்னா பெரிய மருமவதான்"னாரு. என் காதுல பொகை வராத கொறைதான்.

சரி, அவ அந்தப் பேரை வாங்கி முடிஞ்சி வச்சிக்கிட்டிருந்தாலாவது நான் நிம்மதியா திட்டியிருப்பேன். அவ என்ன பண்ணா தெரியுமா? "அய்யய்யோ, நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடல பெரியப்பா. எல்லாம் இவதான். இந்தப் பையெல்லாம் தூக்கம் முழிச்சித் தைச்சிருக்கா"ன்னு என் கையைப் பிடிச்சி முன்னாடி இழுத்தா. அவரு என்னை ஒரு பார்வை பாத்துட்டு, திரும்ப அவ பக்கம் திரும்பி, "பாத்தியா, வந்த பேரைக்கூட ஓரகத்திக்கு விட்டுக்கொடுக்குறா. இந்த மனசு யாருக்கு வரும்!"னாரு. அதுக்கும் பேரு அவளுக்கே. இவளை நான் என்னதான் பண்றது?

மொட்டை போட்டு, குளிப்பாட்டி, தலையில சந்தனம் பூசி ஆச்சு. தாய்மாமன்கள் தட்டோட வந்தாங்க. சிங்கப்பூர்க்காரர் கொண்டு வந்த தட்டுல அடுக்கடுக்கா வலை வச்ச ரோஸ் கவுன், நடந்தா லைட்டு எரியிற ஷூ. கூட்டம் மொத்தமும் அங்க சாஞ்சிடுச்சு. சாயட்டும். நான் எம் பொண்ணை ஓரமா கூட்டிட்டுப் போயி, பாவாடை சட்டையை உடம்புல போட்டு, நாடாவைக் கட்டி, ஒரு அடி தள்ளி நின்னு பாத்தேன். மொட்டைத் தலையும் மாம்பழக் கலருமா, என் கண்ணே பட்டுடும் போல இருந்துச்சு. பொறந்த பிள்ளையை முதல் தடவையா பாத்த மாதிரி இருந்துச்சுன்னா நம்புவீங்களா? மண்டி போட்டு ஒக்காந்து, மெதுவா கேட்டேன். "தங்கம், இது யாருது?"

குனிஞ்சி பாத்தா. பார்டரைத் தடவினா. சட்டையை ரெண்டு கையாலயும் தூக்கிக் கழட்டப் பாத்தா. "அக்காது"ன்னா. கழட்ட முடியலன்னதும், அப்படியே பாவாடையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு கூட்டத்துக்குள்ள ஓடி, ரோஸ் கவுன்ல நின்ன பெரியவ கிட்ட, "அக்கா, இந்தா, இந்தா"ன்னு நீட்டுறா. பாத்தவங்கல்லாம், "ஐயோ, என்னா நல்ல கொணம்! ஒரு பொறாமை இல்ல பாரேன்"னாங்க. எனக்குப் பொறந்தவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு இந்த நல்ல கொணம்?

காது குத்துறப்ப ரெண்டும் சேர்ந்து ஊரைக் கூட்டுச்சுங்க. அப்புறம் வெல்லம் வாயில வச்சதும் அடங்குச்சுங்க. சாப்பாடு முடிஞ்சி, பொம்பளைங்கல்லாம் வேப்பமரத்தடியில பாயைப் போட்டு ஒக்காந்தோம். எம் பொண்ணு கொஞ்சம் தள்ளி, பாக்குமட்டைத் தட்டுல மண்ணை அள்ளி வச்சி யாருக்கோ சோறு போட்டுக்கிட்டு இருந்தா. பெரியவ நேரா வந்து என் மடியில ஒக்காந்துக்கிட்டா. அந்தப் பொண்ணுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லணும். "சித்தி, காது வலிக்குது"ன்னு நெஞ்சுல சாஞ்சிக்கிட்டா.

என் வீட்டுக்காரரோட அத்தை ஒருத்தங்க அதைப் பாத்துட்டு விளையாட்டை ஆரம்பிச்சாங்க. நம்ம வீடுகள்ல தெரிஞ்ச விளையாட்டுதான். "ஏ குட்டி! இங்க பாரு, உங்கம்மாவை அக்கா எடுத்துக்கிட்டா! இனிமே உங்கம்மா உனக்குக் கிடையாது!"

இப்படிச் சொன்னா எந்தப் பிள்ளையும் என்ன பண்ணும்? ஓடிவரும். மடியில இருக்கிற பிள்ளையோட முடியைப் பிடிச்சி இழுக்கும். அம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டு, "என் அம்மா, நீ போ"ன்னு கத்தும். பெத்தவ, "விடுடி, விடுடி"ன்னு சொல்லிக்கிட்டே உள்ளுக்குள்ள குளுந்து போவா. நான் ஒரு கையை அதுக்காகவே காலியா வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கவுன் போவட்டும், டம்ளர் போவட்டும், நிலா போவட்டும். இதைக் கொடுப்பாளா?

எம் பொண்ணு நிமிந்து பாத்தா. என்னைப் பாத்தா, மடியில இருந்தவளைப் பாத்தா. "சொல்லு, அம்மா யாருது?"ன்னு அத்தை கேட்டாங்க. "அக்காது"ன்னுட்டு, குனிஞ்சி மறுபடியும் மண்ணை அள்ள ஆரம்பிச்சிட்டா.

பாயில இருந்தவங்க போட்ட சிரிப்புல மரத்துல இருந்த காக்கா பறந்துடுச்சு. "பெத்தவளையே தானம் கொடுத்துட்டாளே!"ன்னு ஒருத்தங்க தரையைத் தட்டித் தட்டி சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எங்கேர்ந்துதான் வந்துச்சோ அந்தச் சிரிப்பு. உனக்காக மழையில துணி காயவச்சவ நான்டி, உனக்காக ஊரெல்லாம் பைத்தியம்னு பேர் வாங்கினவ நான்டின்னு கத்தணும் போல இருந்துச்சு. "கால் மரத்துப்போச்சும்மா, எறங்கு"ன்னு சொல்லி பெரியவளை மடியிலேர்ந்து எறக்கினேன். மெதுவாத்தான் எறக்கினேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். என் வளையல் அவ காதுல பட்டுடுச்சு. புதுசா குத்தின காது. வீல்னு கத்தினா.

மண்ணை அப்படியே போட்டுட்டு எம் பொண்ணு எழுந்து வந்தா. என் கிட்டதான் வர்றான்னு நெனைச்சி கையை நீட்டினேன். மண்ணு ஒட்டின கையால என் கன்னத்துல ஒண்ணு போட்டா. "அம்மா ச்சீ! அக்கா பாவம்!" அப்புறம் நுனிக்கால்ல எம்பி நின்னு, அக்கா காதுக்கு ஊ, ஊன்னு ஊதிவிட்டா. ஓரகத்தி ஓடிவந்து அவ பொண்ணைத் தூக்கிக்கிட்டு, என்னைப் பாத்து, "நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத, இவ எதுக்கெடுத்தாலும் இப்படித்தான் ஒப்பாரி வைப்பா"ன்னு சொல்லிட்டுப் போனா. அதுக்கு அவளும் என்னை ஒண்ணு போட்டிருக்கலாம்.

மாமியார் விடல. "ரெண்டையும் ஒக்கார வைங்க, சுத்திப் போடணும். எவ கண்ணோ பட்டிருக்கு"ன்னாங்க. உப்பும் காஞ்ச மொளகாயும் எடுத்து, "ஊர் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு"ன்னு சுத்தி, சமையல் பண்ண கல்லடுப்புல போட்டாங்க. கண்ணு படலன்னா மொளகா நெடி மூக்கைத் துளைக்கும், பட்டிருந்தா நெடியே வராதுன்னு சொல்லுவாங்க. நான் மூக்கைத் தீட்டிக்கிட்டு நின்னேன். தும்மல் வரட்டும் சாமின்னு வேண்டிக்கிட்டேன். படபடன்னு வெடிச்சிதே தவிர நெடின்னு ஒண்ணு வரவே இல்ல. "ஆத்தாடி, கொஞ்ச நஞ்ச கண்ணு இல்ல!"ன்னாங்க மாமியார். வெளியாள் கண்ணு இல்ல அத்தை, வீட்டுக் கண்ணுதான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

கெளம்புறப்ப ஓரகத்தி வழக்கம் போல கட்டைப்பையைக் கொண்டு வந்தா. அன்னைக்கு நான் முடிவே பண்ணி வச்சிருந்தேன், இனிமே வேணாம்னு சொல்லிடணும். சபதமாவது மண்ணாங்கட்டியாவது. நாளைக்கே கடைக்குப் போயி புதுசு புதுசா எடுத்துப் போடப் போறேன். "இல்லக்கா, இனிமே..."ன்னு நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள எம் பொண்ணு பையோட ஒரு காதைப் பிடிச்சிக்கிட்டா. என் வீட்டுக்காரர் இன்னொரு காதைப் பிடிச்சித் தூக்கிட்டாரு. சிதம்பரத்துல பஸ் ஏறி, பி.முட்லூர் தாண்டி, கடலூர் வர்ற வரைக்கும் அவ அந்தப் பையைக் காலுக்கு நடுவுல வச்சிக்கிட்டு வந்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு வந்தேன். ரெண்டு வயசுப் பிள்ளை கூட டூ விட்ட ஒரே அம்மா நானாத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தப்ப இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. அண்ணாமலை நகர்லேர்ந்து எந்தத் துணி வந்தாலும் நேரா பாத்ரூமுக்குத்தான் போவும், ரூமுக்குள்ள விட மாட்டேன். ஓரகத்தி துவைச்ச துணியைக் கடைசியா வாசனைத் தண்ணியில முக்கி எடுப்பா. பூ வாசனைன்னு பாட்டில்ல போட்டிருக்கும், எனக்கு அது மண்டையிடிக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறவச்சி, அந்த வாசனை சுத்தமா போன பிறகுதான் எம் பொண்ணு மேல போடுவேன். அன்னைக்கும் பக்கெட்டுல தண்ணியைத் தொறந்து விட்டுட்டு, பையை எடுக்க வந்தேன்.

எம் பொண்ணு தரையில ஒக்காந்து, பையைத் தொறந்து, ஒரு மஞ்சள் கவுனை எடுத்து மூஞ்சியில வச்சிக்கிட்டு இருந்தா. மூச்சை நல்லா உள்ள இழுத்தா. "அக்கா"ன்னா. என்னைக் கூப்பிடல, யாரையும் கூப்பிடல. அந்தத் துணிக்குள்ளயே பேசினா. இன்னொரு தடவை மோந்து பாத்தா.

நான் நின்ன எடத்துலயே நின்னேன். எனக்கு மண்டையிடிக்கிற அந்த வாசனைதான் அவளுக்கு அக்கா. ஒவ்வொரு தடவையும் அந்த அக்காவைத்தான் நான் ஊறவச்சி, கசக்கி, அலசி, மொட்டைமாடி வெயில்ல விரட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ஊறவச்ச பக்கெட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னு இவ ஏன் சிணுங்குறான்னு எனக்கு இவ்ளோ நாளா புரியல.

புரிஞ்சி என்ன, வீம்பு விடுமா? "குடுடா தங்கம், அம்மா துவைச்சித் தரேன்"னு குனிஞ்சி பையைப் பிடிச்சேன். அவளும் பிடிச்சா. நான் இழுத்தேன். குத்தின காது ரெண்டும் செவந்திருக்க, மொட்டைத் தலையை ஆட்டிக்கிட்டு, பை மேல குப்புற விழுந்து, ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சிக்கிட்டு, என்னைப் பாத்து பல்லைக் கடிச்சிக்கிட்டு கத்தினா.

"என்னுது! அம்மா போ! என்னுது!"

உள்ள பக்கெட்டு ரொம்பி தண்ணி வழியிற சத்தம் கேட்டுச்சு. நான் போயி நிறுத்தல. பையை விட்டுட்டேன். அவ மூஞ்சியை அதுக்குள்ள பொதைச்சிக்கிட்டு எடுக்கவே இல்ல. அந்தக் கட்டைப்பை மேல எனக்கு வந்த பொறாமை இருக்கே, ஓரகத்தி மேலகூட அவ்ளோ வந்ததில்ல.